பட்டாபிராம் வேனில் இடமில்லை

காலை 6.20, பட்டாபிராம். ஸ்டேஷனுக்குப் பக்கத்து டீக்கடையில் நிற்கச் சொல்லியிருந்தார்கள், நின்றேன். ஜனவரிப் பனி இன்னும் கலையவில்லை. சென்ட்ரல் பக்கம் போகும் மின்சார ரயிலைப் பிடிக்கக் கூட்டம் ஓடிக்கொண்டிருந்தது. டீ பன்னிரண்டு ரூபாய். எங்கள் மேலப்பாளையத்தில் பத்து ரூபாய்க்கு இதைவிடப் பெரிய கிளாஸில் கொடுப்பார்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இரண்டாவது டீயும் வாங்கினேன். வெளியூர் போனால் விலையை ஒப்பிடாமல் எனக்குத் தொண்டையில் எதுவும் இறங்காது.

எதற்கு வந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலி மேலப்பாளையத்தில் ஒரு பெண்கள் அரபிக் கல்லூரி அலுவலகத்தில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். அங்கே ஐந்து வருட ஆலிமா படிப்பு, அதாவது பெண்களுக்கான மார்க்கக் கல்வி, கூடவே தபால் வழியில் ஒரு பட்டம். வகுப்பிலிருந்து வரும் பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் பொறுப்பு. எங்களைப் போலவே, ஆண்கள் பிரிவும் சேர்ந்து, பூந்தமல்லியில் ஒரு கல்லூரி இருக்கிறது, அங்கே எல்லாக் கணக்கையும் சுவரில் பெரிய திரையில் போட்டுப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள் என்று எங்கள் செயலாளர் காதுக்கு எட்டிவிட்டது. “மரியம், ஒரு நடை போய்ப் பாத்துட்டு வாங்க. நல்லா இருந்தா நாமளும் ஒண்ண மாட்டிருவோம்” என்றார்.

அவர் அவசரத்துக்குக் காரணம் உண்டு. கல்யாணமான பெண்களுக்காக நாங்கள் பிற்பகலில் ஒரு ஹிஃப்ழ் வகுப்பு நடத்தி வந்தோம். குர்ஆனை முழுசாக மனப்பாடம் செய்யும் வகுப்பு. ஆள் சரியாக வருவதில்லை என்று போன வருடம் அதை மூடினோம். அந்த முடிவுக்கு வர மூன்று கூட்டம் தேவைப்பட்டது. திரை இருந்தால் அரை மணியில் முடிந்திருக்கும் என்பது செயலாளரின் எண்ணம். எனக்கும் அப்போது அது சரியாகத்தான் பட்டது.

அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் ரயிலில் வந்து, முந்தின இரவு பட்டாபிராமில் சின்னம்மா மகள் வீட்டில் தங்கினேன். கல்லூரி வேன் அந்தப் பக்கம்தான் கிளம்புகிறது, அதிலேயே வந்துவிடுங்கள் என்று பூந்தமல்லியில் சொல்லியிருந்தார்கள்.

6.35. மஞ்சள் வேன் வந்து நின்றது. டிரைவர் பெயர் தாஸ். ஐம்பதை ஒட்டிய வயது, கழுத்தில் மப்ளர், வாய் ஓயாத மனிதர்.

“மேலப்பாளையத்துலேர்ந்து வர்றது நீதானே? ஆபீஸ்ல போன் பண்ணாங்கோ. ஏறுமா. ஆனா ஒண்ணு, சீட்டு கெடையாது.”

“இவ்வளவு பெரிய வண்டியில ஒரு சீட்டு இல்லியா?” என்றேன்.

“இருவத்திரெண்டு சீட்டு, இருவத்திரெண்டு பொண்ணுங்கோ. நீ இருவத்திமூணாவது ஆளு. இன்னா பண்றது?” சீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு நீல பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்து எஞ்சின் மேட்டுக்குப் பக்கத்தில் போட்டார். “இது எங்க ஊட்டு ஸ்டூலு. கம்பிய கெட்டியா புட்சிக்கோ. ஆவடி வரிக்கும் ரோடு ஒரு மாதிரியா கீது.”

ரோடு அவர் சொன்ன மாதிரியேதான் இருந்தது. பட்டாபிராமில் ஒன்பது பேர், இந்துக் கல்லூரி ஸ்டேஷன் பக்கம் நான்கு பேர், ஆவடியில் மூன்று நிறுத்தங்களில் மீதி ஒன்பது பேர். எல்லாரும் பதினெட்டு, இருபது வயதுப் பெண்கள். ஏறும்போதே ஒரு சலாம், உட்கார்ந்ததும் சிலர் கண்ணை மூடி உதட்டசைவில் அன்றைய பாடத்தை ஓதிப் பார்க்கிறார்கள். சிலர் நேராகத் தூங்கிவிடுகிறார்கள். நான் வேலைப் பழக்கத்தில் எண்ணிக்கொண்டே வந்தேன். ஆவடி தாண்டும்போது இருபத்திரண்டு. ஓர் இடம்கூடக் காலியில்லை.

“தினமும் இப்படித்தானா?” என்று தாஸிடம் கேட்டேன்.

“எப்பனா ஒண்ணு ரெண்டு லீவு போடும். மொத நாளே எனக்கு போன் பண்ணிரும்ங்கோ, வெய்ட் பண்ணக்கூடாதுன்னு. ஏழு வருஷமா ஓட்டிகினு கீறேன், நல்ல புள்ளைங்கோ.” கியரை மாற்றினார். அப்புறம், “இன்னியோட வண்டிய நிறுத்தப் போறாங்களாம், தெரியுமா?” என்றார்.

தெரியாது. பின்சீட்டிலிருந்த பெண் முன்னால் சாய்ந்தாள். ரஹ்மத் நிஷா என்று பெயர் சொன்னாள். நான்காம் வருடம், வீடு பட்டாபிராம்.

“இன்னிக்கு மீட்டிங் அக்கா. வேன்ல பாதிப் பேரு வர்றதில்லையாம், அதனால வேஸ்ட்டுன்னு சொல்றாங்களாம். எல்லாரும் பஸ்ல வந்துக்கோன்னு.”

“பெண்களுக்குத்தான் பஸ்ஸுல டிக்கெட் கிடையாதே?”

“டிக்கெட் இல்ல, சரி. ரெண்டு பஸ் மாறணுமே. சாயந்தரம் பூந்தமல்லியில ஏறி, ஆவடில எறங்கி, அடுத்த பஸ் புட்சி ஊட்டுக்குப் போறப்போ ஏழாயிடும்.” விரலால் சீட்டுக் கம்பியைத் தட்டிக்கொண்டே சொன்னாள். “எங்க அத்தா ரெண்டு வருஷமா படுக்கையில. ஒரு பக்கம் கை கால் வராது. எங்கம்மா அஞ்சரைக்கு வேலைக்குக் கெளம்பணும், கம்பெனி ஒண்ணுல கிளீனிங். அவங்க போறதுக்குள்ள நான் ஊட்டுல இருக்கணும். வேன்ல போனா அஞ்சேகாலுக்குப் போயிடுவேன். வேன் இல்லன்னா நான் நின்னுடுவேன் அக்கா. இன்னும் ஒரு வருஷம்தான் பாக்கி.”

அழுவது மாதிரி சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்கிற குரலில் சொன்னாள். நான்தான் கம்பியை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

பருத்திப்பட்டு ஏரி இடப்பக்கமா வலப்பக்கமா என்று பார்ப்பதற்குள் போய்விட்டது. காடுவெட்டி, கூவம் பாலம், சென்னீர்குப்பம், கரையான்சாவடி. கூவம் இங்கே பயப்படுகிற மாதிரி இல்லை. தண்ணீரில் கொக்குகூட நின்றது. கரையான்சாவடியில் தண்ணீர் லாரியும் ஷேர் ஆட்டோவும் வழிவிடாமல் மல்லுக்கட்டியதில் பதினொரு நிமிடம் போனது. கல்லூரி வாசலில் இறங்கியபோது மணி 7.45. வேன் மீட்டர் கணக்கில் பதினாறரை கிலோமீட்டர்.

9.30, அலுவலகம். திரையை அறிமுகப்படுத்தியவர் இம்ரான். திருச்சிக்காரர், இருபத்தேழு வயது, ஐடி கம்பெனியில் வேலை, ஐயப்பன்தாங்கலில் நண்பர்களோடு ஃபிளாட்டில் குடியிருக்கிறார். வாரத்தில் இரண்டு நாள் காலையில் பைக்கில் வந்து இந்த வேலையை இலவசமாகச் செய்கிறார். “சும்மா இருந்தா போன் பாத்துட்டே இருப்பேன் மேடம், அதுக்கு இது பரவால்ல” என்றார். பார்த்த உடனே பிடித்துப்போகிற பிள்ளை.

திரையும் அழகாகத்தான் இருந்தது. வருகையில் ஆண்கள் பிரிவு பச்சை, பெண்கள் பிரிவு குறைவு என்று சிவப்பு. யார் எந்த வருடம், யார் தேர்வு எழுதினார், எந்த ஊர், எந்த வேன், எல்லாம் ஒரு சொடுக்கில் வருகிறது. எங்கள் ஊரில் இதற்கு மூன்று பீரோ திறக்க வேண்டும். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் ‘பட்டாபிராம் வேன்’ என்ற கட்டத்தைத் தொட்டார். இருபத்திரண்டு பேரில் சராசரியாகப் பதினாறு பேர்தான் வருவதாகக் காட்டியது.

“இன்னிக்கு ரெண்டரைக்குக் கமிட்டி மீட்டிங். இதான் மெயின் மேட்டர்” என்றார் இம்ரான். “ஆறு சீட் தினமும் காலியா வருது. மெம்பர்ஸ் எல்லாம் பெண்களுக்கு ஆர்வம் குறைஞ்சுடுச்சுன்னு ஃபீல் பண்றாங்க.”

“நான் அந்த வேன்லதானே தம்பி வந்தேன்” என்றேன். “ஸ்டூல் போட்டு உக்காந்து வந்தேன்.”

சிரித்தார். “இன்னிக்கு ஒரு நாள் ஃபுல்லா இருந்திருக்கும் மேடம். இது ஏழு மாச டேட்டா.”

ஒரு நாள் பெரிதா ஏழு மாதம் பெரிதா என்றால் ஏழு மாதம்தான் பெரிது. ஆனால் ஸ்டூலில் உட்கார்ந்து வந்த இடுப்பு வலி என் கட்சியில் இருந்தது. தாஸ் சொன்ன ஏழு வருடமும் இருந்தது. இந்த ஆறு பேர் எங்கே போய்த் தொலைகிறார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் இனி எனக்குச் சாப்பாடு இறங்காது.

“இந்தக் கணக்கு எதுலேருந்து எடுக்கீங்க?” என்று கேட்டேன்.

“பெண்கள் பிரிவுலேருந்து வியாழக்கிழமை ரெஜிஸ்டர் வரும். எழுதியிருக்கற கட்டம் வந்தவங்க, காலிக் கட்டம் வராதவங்க. ஆனா ஒண்ணு மேடம், ஒரு விஷயம் எனக்கே புரியல. ஒவ்வொருத்தரும் மாசத்துல தொடர்ச்சியா அஞ்சாறு நாள் காணாம போறாங்க. கரெக்டா மாசா மாசம். சொந்த ஊருக்குப் போவாங்களோன்னு நெனச்சேன்.”

“ஆலிமாகிட்ட கேக்க வேண்டியதுதானே?”

“நான் அந்தப் பக்கம் போக முடியாதே மேடம். ரெஜிஸ்டர்கூட ஜன்னல் வழியாதான் வரும்.”

இந்த இடத்திலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நாற்பத்தொன்பது வயது, இரண்டு பெண் பெற்றவள். புரியவில்லை. திரையில் பச்சையும் சிவப்புமாகப் பார்த்தால் மூளை அந்த வழியிலேயே ஓடுகிறது.

11.15, பெண்கள் பிரிவு. முற்றத்தைக் கடந்து ஒரு திரைச்சீலையை விலக்கினால் தனி உலகம். தலைமை ஆலிமா ஜைனப்புக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பூந்தமல்லியிலேயே பிறந்து, இதே கல்லூரியில் படித்து, இங்கேயே கற்பிக்கிறவர். கண்ணாடிக்கு மேலே பார்த்துப் பேசுவார். ஹிஃப்ழ் வகுப்பில் ஓர் ஓரமாக உட்காரச் சொன்னார்.

பாய் விரித்த நீளமான அறை. பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து, ஆலிமா முன் உட்கார்ந்து, முந்தின நாள் மனப்பாடம் செய்ததை ஓதிக் காட்டுகிறார்கள். பிழை வந்தால் ஆலிமா மேஜையை ஒரு விரலால் தட்டுகிறார். அவ்வளவுதான், திருத்தம் தானாக வருகிறது. ஓதி முடித்ததும் பதிவேட்டில் அந்தப் பெண்ணின் கட்டத்தில் எந்தப் பக்கம் வரை ஓதினாள் என்று எண் எழுதுகிறார். கேட்கக் கேட்க அந்த ஒலி அறையை நிறைத்தது. நான் வந்த வேலையையே கொஞ்ச நேரம் மறந்துவிட்டேன்.

பிறகு கடைசி வரிசையைக் கவனித்தேன். ஐந்து பேர் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். மடியில் குர்ஆன் இல்லை. நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் ஓதுவதையும் ஆலிமா சொல்லும் விளக்கத்தையும் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் சிலர் காலையில் என்னோடு வேனில் வந்தவர்கள். யார் யார் என்று இங்கே எழுதப் போவதில்லை.

வகுப்பு முடிந்ததும் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஐந்து பெயருக்கு நேராக இன்றைய கட்டம் காலி.

“இந்த அஞ்சு பேரும் வந்திருக்காங்களே ஆலிமா. ஏன் ஒண்ணும் எழுதல?”

ஜைனப் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். “ஓதலயே அக்கா, இன்னா எழுதுறது? தொழுகை இல்ல அவங்களுக்கு.”

பெண்கள் நாங்கள் இதை இரண்டு வார்த்தையில் முடித்துக்கொள்வோம். மாதவிடாய் நாள்களில் தொழுகை இல்லை, குர்ஆனைத் தொடுவதில்லை, ஓதுவதில்லை. ஆனால் வகுப்புக்கு வரத் தடை இல்லை. உட்கார்ந்து கேட்கலாம், எழுதலாம். அந்த நாள்களில் ஒருத்தியும் வீட்டில் தங்குவதில்லை என்றார் ஜைனப். அப்படித் தங்கினால் ஐந்து நாள் பாடம் போய்விடும்.

“அப்போ வருகைப் பதிவேடு எங்கே?”

“எதுக்கு அது? எல்லா மொகமும் எனக்குத் தெரியும். ஓதுற பதிவேடு மட்டும்தான். ஆபீஸ்ல பதிவேடு கொடுங்கன்னாங்க, இருக்கறத கொடுத்தேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். மேற்கூரை வரை நிற்கும் திரை, பச்சை, சிவப்பு, ஏழு மாத டேட்டா, பெண்களுக்கு ஆர்வம் குறைகிறது என்று கமிட்டியின் கவலை. எல்லாம் சேர்ந்து, வகுப்பில் வந்து உட்கார்ந்திருந்த பெண்களை மாதம் ஆறு நாள் காணாமல் அடித்திருந்தது. திரையில் என்ன காட்டுகிறது என்று சொன்னேன். ஜைனப் சிரிக்கவில்லை.

“நான் அந்தத் திரையப் பாத்ததே இல்லக்கா. இங்கேர்ந்து பதிவேடு போவும். அங்கேர்ந்து ஒண்ணும் வராது. வேன் நிறுத்தறாங்கன்னுகூட தாஸ் அண்ணன்தான் சொன்னாரு.”

என் சிரிப்பு அங்கேயே நின்றது. வேறு ஒரு நினைப்பும் மெல்ல எட்டிப் பார்த்தது. இப்போது வேண்டாம் என்று தள்ளிவிட்டேன்.

மதியம் 1.10. சோறு, தால்சா, உருளைக்கிழங்குப் பொரியல். தால்சா எங்கள் ஊர்ப் பக்குவத்தைவிடப் புளிப்பு. ஆனாலும் இரண்டு தடவை வாங்கினேன். சாப்பாட்டை விடப் பெரிய கேள்வி, இதைக் கமிட்டியில் யார் சொல்வது? பெண்கள் அங்கே போவதில்லை. இம்ரானிடம் சொல்லலாமென்றால், அந்தப் பிள்ளை முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? நான் சொல்லிவிடுவேன் என்று வீரமாகச் சொல்லிவிட்டு, அலுவலக வாசல் வரை போய்த் திரும்பி வந்தேன். ஐந்து குழந்தைக்குப் பிரசவம் பார்த்துக் கூட இருந்தவள் நான். வார்த்தை வரவில்லை.

ஜைனப் அதற்குள் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருந்தார். கல்லூரி முதல்வருக்கு. அவரை எல்லாரும் ஹஜ்ரத் என்று அழைக்கிறார்கள்; எழுபதை நெருங்கியவர், ஜைனப்புக்கும் திரைச்சீலைக்கு அப்பாலிருந்து பாடம் நடத்தியவர். ஜன்னல் வழியாக அனுப்பும் முன் சீட்டை எனக்குப் படித்துக் காட்டினார்:

“ஹஜ்ரத் அவர்களுக்கு. நாங்கள் அனுப்புவது ஓதிய பதிவேடு, வந்த பதிவேடு அல்ல. காலிக் கட்டம் ஓதாத நாள். வராத நாள் அல்ல. வந்தும் ஓதாததற்குக் காரணம் ஃபிக்ஹு கிதாபின் முதல் பாடத்தில் இருக்கிறது.”

ஃபிக்ஹு என்பது மார்க்கச் சட்டம். அந்தப் புத்தகம் சுத்தத்தைப் பற்றித்தான் ஆரம்பிக்கும். முதல் வருடப் பையன்களுக்கும் அதுதான் முதல் பாடம்.

2.30, கமிட்டி. அலுவலகத்துக்கும் கூட்ட அறைக்கும் நடுவே பாதி உயர மரத்தடுப்பு. நான் வந்த விருந்தாளி என்பதால் அலுவலகத்தில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் பேசுவது எல்லாம் கேட்டது. இம்ரான் பட்டாபிராம் வேனைத் திரையில் காட்டினார். தொண்டையைச் செருமிக்கொண்டு ஓர் உறுப்பினர் சொன்னார்: “பஸ்ஸு ஃப்ரீயா வுட்டுகினு கீறாங்க. காலி வண்டிய எதுக்கு ஓட்டணும்?”

“கொஞ்சம் பொறுங்க” என்றார் ஹஜ்ரத். சீட்டு அவர் கையில் இருந்திருக்க வேண்டும். தாள் பிரியும் சத்தம் கேட்டது. பிறகு, “இம்ரான், நீங்க எந்தப் பதிவேட்டைப் பாத்து ஏத்துனீங்க?”

“பெண்கள் பிரிவு ரெஜிஸ்டர் ஹஜ்ரத்.”

“அதுல என்ன எழுதியிருக்கும்?”

“பக்க எண். ஓதின பக்கம்.”

“ஓதாதவங்க எல்லாம் வராதவங்கன்னு யார் சொன்னா?”

“யாரும் சொல்லல ஹஜ்ரத். நானா எடுத்துக்கிட்டேன்.” பொய் சொல்லாத பிள்ளை என்று மனசுக்குள் குறித்துக்கொண்டேன்.

செருமிய உறுப்பினர் விடவில்லை. “வந்துட்டு எதுக்கு ஹஜ்ரத் ஓதாம குந்தினு இருக்கணும்? அப்போ ஆர்வம் இல்லன்னுதானே அர்த்தம்?”

“நீங்க என்கிட்டதான ஓதுனீங்க?”

“ஆமா ஹஜ்ரத்.”

“ஃபிக்ஹு கிதாபு, மொதப் பாடம். ஊட்டுக்குப் போயி எடுத்துப் பாருங்க.”

ஒரு நாற்காலி நகர்ந்தது. யாரோ தண்ணீர் குடித்தார்கள். இம்ரானின் முகம் எனக்குத் தெரியவில்லை; ஆனால் ஐந்தாறு நாள், மாசா மாசம் என்று அவரே கண்டுபிடித்தது அப்போது அவருக்குள் போய் விழுந்திருக்கும். “அல்லாஹ்” என்று தாழ்ந்த குரலில் சொன்னது கேட்டது.

ஹஜ்ரத் தொடர்ந்தார். குரலில் கோபமில்லை. “முப்பது வருஷமா அந்தப் பாடத்த நான் நடத்துறேன். எங்க நிறுத்தி மூச்சு வாங்கணும்னுகூடத் தெரியும். ஏழு மாசமா இந்தத் திரையையும் பாக்குறேன். எனக்கே தோணல.”

வேனை நிறுத்தும் பேச்சு அதோடு நின்றது. புதிய முறையில் எண்ணிப் பார்த்த பிறகுதான் இனி வேனைப் பற்றிப் பேசுவது என்று முடிவானது. அடுத்ததாக, என்ன பதிவேடு வைப்பது என்று ஆரம்பித்தார்கள். இம்ரான் உற்சாகமாக மூன்று கட்டம் சொன்னார்: வந்தார், ஓதினார், ஓதாத காரணம். கேள்வியை எழுதி ஜன்னல் வழியாக ஜைனப்புக்கு அனுப்பினார்கள். இந்தக் கல்லூரியில் அந்த ஜன்னல் வழியாகக் கேள்வி ஒன்று உள்ளே போனது அதுதான் முதல் தடவை என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. இம்ரான் சத்தமாகப் படித்தார்:

“வந்தாரா என்பது மட்டும் அலுவலகத்துக்கு. தினமும் நான் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். ஓதிய பதிவேடு இனி வகுப்பை விட்டு வெளியே வராது. காரணம் என்ற கட்டமே வேண்டாம்.”

நான் இத்தனை வருடத்தில் எத்தனையோ பயிற்சிக் கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். எல்லாரும் என்னென்ன சேர்க்க வேண்டும் என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். எதை எழுதக் கூடாது, எது யாரிடம் நிற்க வேண்டும் என்று ஒருவரும் சொன்னதில்லை. என் நோட்டில் அதை அப்படியே எழுதிக்கொண்டேன். இம்ரானும் திரையில் ஏழு மாதச் சிவப்பை அழிக்க ஆரம்பித்தார்.

மாலை 4.10. அதே வேன், அதே நீல ஸ்டூல். செய்தி எனக்கு முன்னால் வேனுக்குள் போய்விட்டிருந்தது.

“இன்னாமா பண்ண உள்ள போயி?” என்றார் தாஸ்.

“ஒண்ணும் பண்ணல. ஒரு கட்டம் காலியா இருந்தது, ஏன்னு கேட்டேன்.”

“அத கேக்கவா தின்னவேலிலேர்ந்து வரணும்? என்ன கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், வண்டி ஃபுல்லுன்னு.”

சரியான பேச்சு. ஏழு வருடம் அந்தப் பெண்களைத் தினமும் எண்ணி ஏற்றியவரை யாரும் கேட்கவில்லை.

ரஹ்மத் நிஷா தன் சீட்டை எனக்கு விட்டுக்கொடுத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உதட்டை அசைத்தபடி வந்தாள். 5.15க்குப் பட்டாபிராமில் தெரு முனையில் அவள் அம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். மகள் இறங்கியதும் அவள் கன்னத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, “அத்தாக்கு மாத்திரை குடுத்துட்டேன்” என்று சொல்லியபடியே ஷேர் ஆட்டோவைப் பார்த்து ஓடினார். நிஷா என்னைத் திரும்பிப் பார்த்துக் கையசைத்துவிட்டு வீட்டுக்குள் போனாள். எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

5.35, பட்டாபிராம் ஸ்டேஷன். சென்ட்ரலுக்குப் பத்து ரூபாய் டிக்கெட். அங்கிருந்து எழும்பூர் போய் இரவு ரயில். பிளாட்பாரப் பெஞ்சில் உட்கார்ந்து, காலையிலிருந்து தள்ளி வைத்த நினைப்பை எடுத்தேன். எங்கள் கல்லூரி அலுவலக உதவியாளர் காதர் காக்காவுக்குப் போன் போட்டேன்.

“காக்கா, மூணாம் நம்பர் பீரோவுல பிற்பகல் ஹிஃப்ழ் பதிவேடு இருக்கும். மூடுன வகுப்பு. எடுத்து ஹலீமா பேருல பாருங்க.”

ஹலீமா கைக்குழந்தையோடு வந்து ஓதிய பெண். வகுப்பு மூடிய மறுநாள் தெரியாமல் வந்துவிட்டு, பூட்டிய கதவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனாள். அலுவலக ஜன்னலிலிருந்து நான் பார்த்தேன்.

பீரோ திறந்து மூடும் சத்தம். “பக்க நம்பரா எழுதியிருக்கு மரியம். வரிசையா நம்பர். அப்பறம் ஆறு நாள் காலி. அப்பறம் திரும்ப நம்பர்.”

“காலிக்கு முந்துன நம்பர் எது? பிந்துன நம்பர் எது?”

“முந்துனது நானூத்தி பன்னெண்டு. பிந்துனது நானூத்தி பதிமூணு.”

“அடுத்த மாசம் பாருங்க.”

“அதே மாதிரித்தான். ஆறு நாள் காலி. ஒரு பக்கம்கூட விடல. என்ன, ஏதும் தப்பா?”

தப்புத்தான். அந்தக் காலிக் கட்டங்களை ‘வரவில்லை’ என்று தட்டச்சு செய்தது இம்ரான் மாதிரி விவரம் தெரியாத பிள்ளை இல்லை. தொழுகை இல்லை என்று மாதா மாதம் என் வீட்டில் சொல்லி வளர்ந்த நான். வகுப்பறை என் மேஜையிலிருந்து இருபது அடி. எனக்கும் அதற்கும் நடுவே திரைச்சீலைகூட இல்லை. எழுந்து போய்ப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். என் தாளைப் பார்த்துத்தான் மூன்று கூட்டம் போட்டு அந்த வகுப்பை மூடினார்கள். குர்ஆனில் அறுநூற்றுச் சொச்சம் பக்கம். ஹலீமாவுக்கு மூன்றில் ஒரு பங்குதான் பாக்கி இருந்தது.

ரயில் வந்தது. ஆவடி, அம்பத்தூர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக விளக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எதிர்ப்பக்கம் வேலை முடிந்து திரும்புகிற கூட்டம் நிற்க இடமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. திரை வாங்கலாமா வேண்டாமா என்று செயலாளர் கேட்பார். வாங்கலாம், நல்ல திரைதான் என்று சொல்வேன். மூடிய வகுப்பைத் திறந்த பிறகு வாங்கலாம் என்றும் சொல்வேன். அதற்கு முன்னால், நாளைக் காலை வண்டியை விட்டு இறங்கியதும், வீட்டுக்குப் போகாமல் ஹலீமா வீட்டுக்குப் போக வேண்டும். என்ன சொல்வது என்று சென்ட்ரல் வரும்வரை சொல்லிப் பார்த்தேன். பல விதமாக ஆரம்பித்துப் பார்த்தும் கடைசியில் ஒன்றுதான் நின்றது.

“நீ வந்த புள்ள. நான்தான் வரலன்னு எழுதிட்டேன்.”